விற்றால் பெயர் அழியும்: ஓர் உல்லாசக் கப்பலின் விற்பனையும் எங்கள் அடைவு நகைகளும்

திருடப்பட்ட பொதுச் சொத்தை மீட்போம் என்ற வாக்குறுதியை இலங்கையில் தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிறோம். 2025 ஏப்ரலில், குற்றத்தின் மூலம் ஈட்டிய சொத்துகளைக் கைப்பற்றுவதற்கான சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய பின்னர் அந்தப் பேச்சுக்குச் சட்ட வடிவமும் கிடைத்திருக்கிறது. ஆனால் கைப்பற்றிய மறுநாள் என்ன நடக்கும் என்ற கேள்வியை எங்கள் ஊடகங்கள் பெரிதாகக் கேட்பதில்லை. கைப்பற்றிய வீடு பூட்டியே கிடக்கும். வாகனம் பொலிஸ் நிலைய முற்றத்தில் துருப்பிடிக்கும். படகு துறைமுகத்திலேயே தாழும். அதைப் பணமாக்குவது யார், எந்த விலைக்கு, யாரைக் கேட்டு, அந்தப் பணம் யாருக்கு?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும்போதுதான், எங்களுக்குச் சற்றும் தொடர்பில்லாததாகத் தோன்றும் ஒரு தொழிலைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். கோடீஸ்வரர்களின் உல்லாசக் கப்பல்களை விற்றுக் கொடுக்கும் தரகர்களின் தொழில் அது. மலேசியாவின் 1எம்டிபி நிதி மோசடியில் கைப்பற்றப்பட்ட ‘இக்குவானிமிட்டி’ என்ற கப்பலை நீதிமன்றம் அப்படியான ஒரு தரகு நிறுவனத்தின் மூலமாகவே விற்றது. அந்த விற்பனையைப் படிப்படியாகப் பார்த்தால், பொதுச் சொத்தை மீட்பது பற்றி மட்டுமல்ல, போரில் எங்கள் சனம் பறிகொடுத்த சொத்தைப் பற்றியும் யோசிக்க நிறைய இருக்கிறது.

யாருடைய காசு, யாருடைய கப்பல்

1எம்டிபி என்பது மலேசிய அரசு 2009 இல் தொடங்கிய அபிவிருத்தி நிதியம். அப்போது பிரதமராக இருந்தவர் நஜிப் ரசாக். இந்த நிதியத்திலிருந்து 4.5 பில்லியன் டொலருக்கு மேல் சுருட்டப்பட்டதாக அமெரிக்க நீதித் திணைக்களம் குற்றஞ்சாட்டியது. அதன் சூத்திரதாரி என்று சொல்லப்படுபவர் ஜோ லோ என்ற மலேசிய வர்த்தகர். குற்றச்சாட்டுகளை மறுத்துவரும் அவர், நீண்டகாலமாகத் தலைமறைவாக இருக்கிறார். நஜிப் 2022 ஓகஸ்டில் சிறைக்குப் போனார்.

அந்தக் காசில் வாங்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட சொத்துகளில் ஒன்றுதான் இக்குவானிமிட்டி. நெதர்லாந்தின் ஓஷன்கோ கட்டுமானத் தளத்தில் உருவாகி 2014 இல் கையளிக்கப்பட்ட, 91.5 மீற்றர் நீளமான கப்பல். ஹெலிகொப்டர் இறங்கு தளம், நீச்சல் குளம், நீராவிக் குளியலறை எல்லாம் அதில் இருந்தன. விலை ஏறத்தாழ 250 மில்லியன் டொலர். ஒரு நாட்டு மக்கள் கடனாகத் திருப்பிக் கட்டவேண்டிய காசு, கேமன் தீவுகளின் கொடியோடு கடலில் மிதந்துகொண்டிருந்தது.

2018 பெப்ரவரி 28 ஆம் திகதி, அமெரிக்காவின் எப்.பி.ஐ.யோடு சேர்ந்து இந்தோனேசியப் பொலிஸார் பாலித் தீவில் அந்தக் கப்பலைப் பிடித்தார்கள். ஏப்ரலில் ஜகார்த்தா நீதிமன்றம் ஒன்று அந்தக் கைப்பற்றல் முறையற்றது என்று தீர்ப்பளித்தது. ஜூலையில் அமெரிக்காவின் முறைப்படியான கோரிக்கையோடு கப்பல் மீண்டும் பிடிக்கப்பட்டது. இதற்கிடையில் மே மாதத் தேர்தலில் மலேசியாவில் ஆட்சி மாறியிருந்தது. ஓகஸ்ட் 7 ஆம் திகதி கப்பல் கிள்ளான் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

சனம் கடற்கரையில் நின்று படம் எடுத்தது. அரசுக்கு அது வெற்றி நாள். ஆனால் அன்று முதல் கப்பலின் செலவும் அரசின் தலையில் விழுந்தது. மாலுமிகளின் சம்பளம், காப்புறுதி, எரிபொருள், இயந்திரப் பராமரிப்பு என எதையும் நிறுத்த முடியாது. இப்படியான கப்பலை ஒரு வருடம் வைத்திருக்க அதன் விலையில் பத்தில் ஒரு பங்கு வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அரசுக்கு அது எவ்வளவு நாள் முடியும்? விற்றாக வேண்டும்.

தரகர் செய்யும் வேலை

எங்கள் ஊரில் காணித் தரகரைத் தெரியாதவர் இல்லை. வாங்குகிறவரையும் விற்கிறவரையும் சந்திக்க வைப்பார், விலை பேசுவார், உறுதி எழுதும் நாளில் நொத்தாரிசின் அறையில் வந்து இருப்பார், தரகுக் காசை எண்ணி வாங்குவார். உல்லாசக் கப்பல் தரகரும் அடிப்படையில் அதையே செய்கிறார். ஆனால் இந்தச் சந்தையில் வாங்கக்கூடியவர்கள் உலகம் முழுவதிலும் சில ஆயிரம் பேர்தான். அவர்களில் பெரும்பாலானோர் தங்கள் பெயர் வெளியே தெரிவதை விரும்பமாட்டார்கள். ஆகவே தரகரின் முதல் மூலதனம், யாரிடம் காசு இருக்கிறது, யார் இப்போது பெரிய கப்பலுக்கு மாற நினைக்கிறார் என்ற அறிவு.

வேலை ஒப்பந்தத்தோடு தொடங்கும். உரிமையாளர் ஒரே ஒரு நிறுவனத்தைப் பிரதான முகவராக நியமிப்பார். மற்றத் தரகர்கள் வாங்குபவரைக் கொண்டுவரலாம். ஆனால் எல்லாப் பேச்சும் அந்தப் பிரதான முகவர் வழியாகவே நடக்கும், தரகுப் பணம் இரு பக்கத்துக்கும் பிரியும். இப்படி ஒருவரிடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே கப்பல் பத்துப் பேரின் பட்டியலில் பத்து விலைக்கு நின்றால், உரிமையாளர் அந்தரப்படுகிறார் என்று சந்தை முடிவெடுத்துவிடும். காணியிலும் அதே கதைதான்: பல தரகர் கையில் சுற்றிய வளவுக்கு நல்ல விலை வராது.

அடுத்தது மதிப்பீடு. அதே நீளம், அதே வயது, அதே தரமான தளத்தில் கட்டிய கப்பல்கள் அண்மையில் எவ்வளவுக்குப் போயின என்று பார்ப்பார்கள். கட்ட எவ்வளவு செலவானது என்பது இங்கே பெரிதாக எடுபடாது. உரிமையாளர் தன் படுக்கையறைச் சுவருக்குப் பூசிய தங்கத் தகட்டின் செலவு விற்கும்போது திரும்பி வராது. சில வேளை அதைக் கழற்றும் செலவை வாங்குபவர் விலையில் கழிப்பார்.

பிறகு கப்பலைக் காட்சிக்குத் தயார் செய்வது. உரிமையாளரின் குடும்பப் படங்களும் சொந்தப் பொருட்களும் அகற்றப்படும். சிறிய திருத்தங்கள் முடிக்கப்படும். நல்ல வெயிலில், ட்ரோன் கமெராவால், தண்ணீர் நீலமாகத் தெரியும் இடத்தில் படம் எடுப்பார்கள். தளங்களின் வரைபடம், இயந்திர விபரம், தரச்சான்றுகள், பராமரிப்புப் பதிவேடுகள் எல்லாம் ஒரு கோவையில் சேரும். அந்தக் கோவை உலகத்திலுள்ள மற்றத் தரகர்களுக்குப் போகும். செப்டெம்பரில் மொனாக்கோவிலும் இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் போர்ட் லோடர்டேலிலும் நடக்கும் கண்காட்சிகளில் கப்பல் கட்டி நிறுத்தப்படும். அங்கேயும் நினைத்தவர் ஏறிப் பார்க்க முடியாது. முன்பதிவு வேண்டும், யார், காசு எங்கிருந்து வருகிறது, இவ்வளவு தொகை இருக்கிறதா என்று தரகர் முதலில் உறுதி செய்ய வேண்டும்.

விலை பேசி முடிந்தால் எழுத்து ஒப்பந்தம். வழமையாக வாங்குபவர் பத்து வீதத்தை முற்பணமாகக் கட்டுவார். அது விற்பவரின் கைக்குப் போகாது. நடுவில் ஒரு பொறுப்புக் கணக்கில் நிற்கும். பின்னர் கப்பலைக் கடலில் ஓட்டிப் பார்ப்பார்கள். தண்ணீருக்கு வெளியே தூக்கி அடிப்பகுதியையும் இயந்திரங்களையும் வாங்குபவரின் பரிசோதகர் பார்ப்பார். குறை கண்டால் விலை குறையும், அல்லது விற்பவர் திருத்திக் கொடுப்பார், அல்லது பெரிய பழுது என்றால் வாங்குபவர் முற்பணத்தோடு விலகுவார். எல்லாம் சரியென்றால் ஒரே நாளில் மீதிக் காசும் விற்பனைப் பத்திரமும் கை மாறும். பழைய பதிவேட்டிலிருந்து கப்பலின் பெயர் நீக்கப்படும்.

இவ்வளவுக்கும் தரகு என்ன? சிறிய கப்பல்களுக்குப் பத்து வீதம் என்பது வழமை. பெரிய கப்பல்களுக்குப் பேசிக் குறைப்பார்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, தரகு ஐந்து வீதம் என்று வைப்போம். விலை 130 மில்லியனிலிருந்து 120 மில்லியனுக்கு இறங்கினால் உரிமையாளர் இழப்பது 10 மில்லியன். தரகர் இழப்பது 5 இலட்சம் மட்டும். ஒரு வருடம் காத்திருந்து நல்ல விலை வாங்குவதை விட, இந்த மாதமே குறைந்த விலைக்கு முடிப்பது தரகருக்கு இலாபமாக இருக்கலாம். நேர்மையான தரகர் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தரகரின் நலனும் உரிமையாளரின் நலனும் கடைசி வரை ஒன்றாகப் போவதில்லை. தனியார் உரிமையாளர் என்றால் அதைத் தானே கவனித்துக் கொள்வார். உரிமையாளர் ஒரு நாட்டு மக்கள் என்றால் யார் கவனிப்பது?

நீதிமன்றம் விற்பனையாளரானபோது

மலேசியா இதற்குக் கண்ட வழி கடல்சார் நீதிமன்றம். அரசும் 1எம்டிபியும் கோலாலம்பூர் மேல் நீதிமன்றத்தில் கப்பலுக்கு எதிராக வழக்குத் தாக்கல் செய்தன. அவர்களுக்காக வாதாடியவர் கடல்சார் சட்டத்தில் பெயர்பெற்ற சட்டத்தரணி சித்பா செல்வரத்தினம். கடல் சட்டத்தில் ஆளை விட்டுவிட்டுக் கப்பல் மீதே வழக்குப் போட முடியும். கப்பலில் உரிமை உண்டு என்று சொல்பவர் வந்து சொல்லலாம். சம்பளப் பாக்கியுள்ள மாலுமியும் கடன் கொடுத்தவரும் திருத்தக் கூலி வரவேண்டியவரும் வரலாம். இந்தக் கப்பலுக்கு உரிமை கோரி லோவின் பக்கத்திலிருந்து எவரும் அந்த நீதிமன்றத்தில் முன்னிலையாகவில்லை. வெளியே அறிக்கைகள் மட்டும் வந்தன.

பின்னர் நீதிமன்றம் விற்பனைக்கு உத்தரவிட்டது. பேர்ஜஸ் என்ற சர்வதேசத் தரகு நிறுவனம் பிரதான முகவராக நியமிக்கப்பட்டது. கப்பலைச் சுயாதீனமான மதிப்பீட்டாளர் ஒருவர் மதிப்பிட்டார். 2018 நவம்பர் 28 வரை விலைக்கோரல் நடந்தது. ஏற்கத்தக்க விலை வரவில்லை. அரசு அவசரப்பட்டு வந்த விலைக்குத் தள்ளிவிடவில்லை. தரகரின் மூலம் தனித்தனியாகப் பேசி விற்கும் வழிக்கு மாறியது. 2019 மார்ச்சில் 130 மில்லியன் டொலர் என்ற வழிகாட்டி விலை பகிரங்கமாகச் சொல்லப்பட்டது. ஏப்ரல் 3 ஆம் திகதி ஜென்டிங் மலேசியா நிறுவனத்துக்கு 126 மில்லியன் டொலருக்கு விற்க நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. புதிய உரிமையாளர் கப்பலுக்கு ‘ட்ராங்குவிலிட்டி’ என்று பெயர் மாற்றினார்.

250 மில்லியனுக்கு வாங்கியது 126 மில்லியனுக்குப் போனது தோல்வி இல்லையா என்று கேட்கலாம். பாதிக் காசு காற்றோடு போனது உண்மைதான். ஆனால் ஐந்து வருடப் பழைய கப்பல், ஊழலின் பெயர் ஒட்டிய கப்பல், விற்றே ஆகவேண்டும் என்று உலகமே அறிந்த விற்பனையாளர் என்ற மூன்று பாதகங்களையும் வைத்துப் பார்த்தால், மதிப்பீட்டுக்கு இவ்வளவு அருகே வந்தது பெரிய விடயம். அதைவிட முக்கியமாக, மதிப்பு எவ்வளவு, கேட்ட விலை எவ்வளவு, விற்ற விலை எவ்வளவு, வாங்கியவர் யார், ஒப்புதல் கொடுத்தது எந்த நீதிமன்றம் என்பதெல்லாம் எனக்கு இங்கிருந்து வாசித்து அறிய முடிகிறது. ஒரு மலேசியக் குடிமகன் இதில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் விரலை வைத்து, இது ஏன் என்று கேட்கலாம்.

உறுதி சுத்தமில்லாத கப்பல்

இதே ஓஷன்கோ தளத்தில் 2007 இல் கட்டிய இன்னொரு கப்பலின் கதை வேறு விதமாக முடிந்தது. 80 மீற்றருக்கு மேல் நீளமான ‘அல்பா நேரோ’ 2022 இன் தொடக்கத்தில் கரீபியக் கடலிலுள்ள அன்டிகுவாவில் வந்து நின்றது, பிறகு நகரவில்லை. அதே வருடம் ஓகஸ்டில் அமெரிக்கா, ரஷ்ய உர வர்த்தகர் அந்திரே குரியெவ் மீது தடை விதித்து, அந்தக் கப்பல் அவருடையது என்றது. தான் உரிமையாளர் இல்லை என்றார் அவர். உரிமையாளரே இல்லாத கப்பலுக்கு அந்தச் சின்னத் தீவு வாரத்துக்கு 28,000 டொலர் அளவில் செலவழிப்பதாகச் செய்திகள் வந்தன. குளிரூட்டியை நிறுத்தினால் இரண்டு நாளில் மரச் சுவர்களில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால், ஆளில்லாத கப்பலில் இரவு பகலாக இயந்திரம் ஓடியது.

2023 இல் அன்டிகுவா அரசு சட்டத்தைத் திருத்திக் கப்பலை எடுத்துக்கொண்டது. ஜூன் ஏலத்தில் கூகுளின் முன்னாள் தலைமை அதிகாரி எரிக் ஷ்மிட் 67.6 மில்லியன் டொலருக்குக் கேட்டார். ஆனால் குரியெவ்வின் மகள், கப்பலின் உண்மையான பயனாளி தானே என்று வழக்குத் தொடுத்தார். வழக்கு இழுபட, ஷ்மிட் விலகினார். கடைசியில் 2024 ஜூலையில் அதே கப்பல் 40 மில்லியன் டொலருக்குத்தான் விற்றது.

அந்த 27 மில்லியன் டொலர் எங்கே போனது? கப்பல் பழுதடைந்ததால் மட்டும் விலை இப்படி விழவில்லை. காணி வாங்குகிற எவருக்கும் விளங்கும் காரணம் இது: உறுதி சுத்தமில்லை. நாளைக்கு இன்னொருவர் வந்து ‘என்னுடையது’ என்று சொல்லக்கூடிய சொத்துக்கு யாரும் முழு விலை கொடுக்கமாட்டார்கள். உரிமை கோருபவரை விற்பனைக்கு முன்பே கேட்டு முடித்திருக்க வேண்டும். அதைப் பின்னால் தள்ளினால் விலையில் கழியும்.

காத்திருப்பதும் இலவசமில்லை. 2022 இல் பீஜியில் கைப்பற்றப்பட்ட ‘அமடியா’ என்ற 106 மீற்றர் கப்பலைப் பராமரிக்க மாதம் 6 இலட்சம் டொலருக்கு மேல் செலவாகிறது என்று அமெரிக்க அரசே நீதிமன்றத்தில் சொன்னது. உரிமை வழக்கு முடிந்து 2025 இல்தான் அது மூடிய விலைக்கோரலுக்கு வந்தது. ஆகவே இரண்டு பக்கமும் பொறி இருக்கிறது: அவசரப்பட்டால் உரிமை கேட்கப்படாமல் போகும், இழுத்தடித்தால் சொத்து கரைந்து போகும்.

விளம்பரத்தில் இல்லாத பெயர்

ஊடகக் கற்கை படித்த பழக்கத்தால், இந்தத் தரகர்களின் விற்பனைப் பக்கங்களை வாசிக்கும்போது அங்கே என்ன இல்லை என்றுதான் முதலில் பார்க்கிறேன். நீளம் இருக்கும், அகலம் இருக்கும், எத்தனை விருந்தினர், எத்தனை பணியாளர், எந்தச் சிற்பி உள்ளறையை வடிவமைத்தார் என்று இருக்கும். இதுவரை யார் வைத்திருந்தார், எந்தக் காசில் வாங்கினார் என்று இருக்காது. ‘உரிமையாளர் மிகக் கவனமாகப் பராமரித்தது’ என்ற ஒரு வரிக்குள் ஒரு மனிதர் முழுதாக மறைந்துவிடுவார். தனியார் விற்பனையில் அது அவரது அந்தரங்கம்; நாம் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் நீதிமன்ற விற்பனை இதைவிட ஒரு படி மேலே போகிறது. கடல் சட்டத்தின்படி நீதிமன்றம் விற்ற கப்பலில் பழைய கடன், பழைய உரிமை, பழைய வழக்கு எதுவும் ஒட்டாது. வாங்கியவருக்குக் கழுவித் துடைத்த உரிமை கிடைக்கும். அதற்கு முன் உரிமை கோரியவர்கள் இனிக் கப்பலைத் தேடிப் போக முடியாது. விற்ற காசில்தான் பங்கு கேட்கலாம். வாங்குபவர் பயமில்லாமல் முழு விலை கொடுப்பதற்குக் காரணமே இதுதான்.

அப்படியென்றால் விற்பனை என்பது வெறும் காசாக்கும் வேலை அல்ல. பழைய பெயர்களை அழிக்கும் வேலையும் கூட. திருடியவரின் பெயர் அழிவது நீதி. ஆனால் அழிவது உண்மையான சொந்தக்காரரின் பெயராக இருந்தால்?

எங்கள் கரையில்

இந்தக் கேள்வி எங்களுக்குத் தூரத்துக் கேள்வி இல்லை. 2025 மே 2 ஆம் திகதி இலங்கை இராணுவம், போர்க்காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலிருந்து எடுத்த தங்கம், வெள்ளி நகைகளைப் பொலிஸாரிடம் கையளித்தது. பரிசோதித்து மதிப்பிட்ட பின் மத்திய வங்கிக்குப் போகும் என்று சொல்லப்பட்டது. போர் முடிந்து 16 வருடங்களுக்குப் பிறகு அது நடந்தது. செய்திகளில் அது ‘புலிகளின் தங்கம்’ என்று வந்தது.

வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு அந்தத் தலைப்பில் என்ன பிழை என்று தெரியும். தமிழீழ வைப்பகத்தில் நகை அடைவு வைத்தவர்கள் சாதாரண சனம். விதைநெல் வாங்க, பிள்ளையின் படிப்புக்கு, இடம்பெயர்ந்து போன இடத்தில் கொட்டில் போட வைத்த தாலிக்கொடியும் காப்பும் சங்கிலியும் அதற்குள் இருக்கின்றன. போருக்குப் பிறகு இடையில் ஒரு பகுதியினருக்கு நகைகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. மற்றவர்களில் சிலர் அடைவுச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறார்கள். பலருடைய சீட்டு முள்ளிவாய்க்காலில் உடுத்த துணியோடு வெளியே வந்தபோது போய்விட்டது. சீட்டோடு ஆளும் இல்லாமல் போன வீடுகளும் இருக்கின்றன.

கப்பலும் நகையும் ஒன்றல்ல என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். இக்குவானிமிட்டி திருடிய காசில் வாங்கிய பொருள். கப்பலாக அது மலேசிய மக்களுக்கு எந்தப் பயனும் தராது. அதை விற்றுக் காசை எடுப்பதுதான் திருப்பிக் கொடுத்தல். அடைவு நகை அப்படியல்ல. அதற்குத் திருப்பிக் கொடுத்தல் என்றால் அந்த நகையே அந்தக் கைக்கு வருவது, அல்லது அந்தக் கைக்குரியவர் தன் சம்மதத்தோடு அதன் பெறுமதியைப் பெறுவது. உருக்கித் தங்கக் கட்டியாக்கினால் அடையாளம் அழியும். ஏலத்தில் விட்டால் உரிமை அழியும். மத்திய வங்கியின் கணக்கில் ஒரு தொகையாக ஏறினால், அது எந்த ஊர் எந்த வீட்டுக் காப்பு என்று கேட்க இடமே இருக்காது.

புதிய சட்டம் கைப்பற்றிய சொத்துகளை நிர்வகிக்க ஓர் அதிகாரசபையை உருவாக்க வழி செய்கிறது. சொத்தைக் கெடவிடாமல் வைப்பதற்கும் விற்பதற்கும் முறை ஒன்று வருவது நல்ல விடயம். அப்படியொரு முறை இல்லாதபோது என்ன நடக்கும் என்று வடக்குக் கடற்கரைகளில் பார்த்திருக்கிறோம். கைப்பற்றிய இந்திய இழுவைப் படகுகள் வருடக்கணக்கில் கிடந்து உக்கின. 2022 பெப்ரவரியில் காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார், கற்பிட்டி ஆகிய இடங்களில் 105 படகுகளைக் கடற்றொழில் திணைக்களம் ஏலம் விட்டபோது, பல படகுகள் விறகுக்கும் இரும்புக்கும் மட்டுமே உதவும் நிலையில் இருந்தன. வலை அறுபட்ட எங்கள் கடற்றொழிலாளருக்கும் அதில் பயனில்லை, படகைப் பறிகொடுத்த அக்கரைக் குடும்பத்துக்கும் பயனில்லை.

கேட்கவேண்டிய நான்கு கேள்விகள்

கோலாலம்பூர் விற்பனை குறையற்றது அல்ல. ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய நான்கு கேள்விகள் இருக்கின்றன. இனி அரசின் கையில் எந்தச் சொத்து வந்தாலும், அது முன்னாள் அமைச்சரின் வீடோ முல்லைத்தீவில் தோண்டி எடுத்த நகையோ, இவற்றைக் கேட்கலாம்.

முதலாவது, பட்டியல் எங்கே? பேர்ஜஸ் நிறுவனம் கப்பலின் ஒவ்வொரு இயந்திரத்தையும் எழுதி வைத்துத்தான் விற்பனைக்கு வந்தது. நகைகள் எத்தனை, எந்த வகை, எந்த நிறை, எந்த இடத்தில் எடுத்தவை, உறையில் பெயரோ இலக்கமோ இருந்ததா என்ற பட்டியல் தமிழில் பகிரங்கமாக வரவேண்டும்.

இரண்டாவது, உரிமை கோருபவரைக் கேட்டீர்களா? கேமன் தீவுகளில் பதிந்த ஒரு கம்பனிக்குக் கூட நீதிமன்றத்துக்கு வந்து பேச வாய்ப்பு இருந்தது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் உள்ள தாய்மாருக்கு அதைவிடக் குறைந்த வாய்ப்பு இருக்க முடியாது. சீட்டுத் தொலைந்தவர்கள் வேறு என்ன சாட்சி காட்டலாம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். புலம்பெயர்ந்து போனவர்களும் விண்ணப்பிக்க வழி வேண்டும்.

மூன்றாவது, மதிப்பிட்டது யார்? வைத்திருப்பவரும் மதிப்பிடுபவரும் விற்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. தரகரின் நலன் வேறு, உரிமையாளரின் நலன் வேறு என்பதால்தான் அங்கே மூவரும் மூன்று பேராக இருந்தார்கள், மேலே ஒரு நீதிபதி இருந்தார்.

நான்காவது, காசு எங்கே நிற்கிறது? கப்பல் வாங்குபவரின் முற்பணம் கூட, விற்பவரின் கைக்குப் போகாமல் நடுவில் ஒரு பொறுப்புக் கணக்கில் நிற்கிறது. உரிமை முடிவாகும் வரை நகையோ அதன் பெறுமதியோ அரசின் பொதுக் கணக்கில் கலக்கக் கூடாது. கலந்த காசைப் பிரித்து எடுத்த வரலாறு எங்கள் நாட்டில் குறைவு.

இந்த நகைகளை எடுத்த இடமும் திகதியும் எழுதிய ஏடு ஏதோ ஓர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இலிருந்து எங்கள் கையில் இருக்கிறது. அடைவுச் சீட்டு வைத்திருப்பவர்கள் அதன் பிரதியை இணைத்து, ‘என் நகை உங்கள் பட்டியலில் இருக்கிறதா’ என்று எழுத்தில் கேட்கலாம். சீட்டு இல்லாதவர்கள் அடைவு வைத்த கிளை, ஏறத்தாழத் திகதி, நகையின் விபரம், அதைக் கண்ட உறவினரின் பெயர் ஆகியவற்றை நினைவிருக்கும்போதே எழுதி வைப்பது நல்லது. வைத்தவர்கள் பலர் இப்போது வயது போனவர்கள். விற்பனை பற்றிய அறிவித்தல் ஒருநாள் வந்தால், அதற்கு முன் எழுதி வைத்த பெயருக்குத்தான் பெறுமதி இருக்கும்.